வழிப்போக்கனும் வழிகாட்டியும்: ரொமேஷ் ரங்கநாதனின் பயணத் தொடர்கள் பற்றிய ஒரு நோக்கு

கல்முனைக் கரையோரத்தைப் பிறநாட்டார் தம் தொலைக்காட்சித் திரையிற் பெரும்பாலும் மூன்று கோலங்களிலேயே கண்டிருக்கின்றனர். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து ஊருக்குள் வந்தபோது கண்டது முதற் கோலம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் அன்று உயிரிழந்தனர். இலங்கையின் எம்மாவட்டத்திலும் இத்துணை இழப்பில்லை. தெற்கே அறுகம்குடாவில் அலைச்சறுக்குப் பலகையோடு வெளிநாட்டு இளைஞர் கடலில் இறங்கும் காட்சி இரண்டாவது. மூன்றாவது, 2019 ஏப்ரல் 26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் நிகழ்ந்த குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சமரும். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்து ஐந்தே நாள்கள் கழிந்திருந்தன. கொல்லும் அலை, விளையாடும் அலை, அச்சந்தரும் மனிதர் என்ற இம்மூன்றுக்கும் அப்பால் இக்கரைக்கு முகமில்லை.

ஆனால் இம்மூன்று படங்களுக்கும் இடையே ஒரு நெடுஞ்சாலை ஓடுகின்றது. மருதமுனைத் தறிகளிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, விபுலாநந்தர் பிறந்த காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக அது தெற்கே பொத்துவில் நோக்கிச் செல்கின்றது. கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. வீடு மகளுக்குப் போகின்றது; மாப்பிள்ளை மனைவியின் வீட்டில் வந்து குடியேறுகின்றான்; தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்தாருக்கும் பொதுவாக இருந்து வந்துள்ளது. 1969 இல் அக்கரைப்பற்றில் தம் ஆய்வைத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இவ்வாழ்வு பற்றிய தமது பெருநூலை 2008 இலேயே வெளியிட்டார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்! தொலைக்காட்சிக்கு அத்தனை பொறுமை இல்லை. அதற்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு வழிப்போக்கன் எதைக் காணமுடியும், யாரைக் காணமுடியும் என்பதே பயண ஆவணத் தொடர்கள் பற்றி எழுப்பப்பட வேண்டிய முதல் வினா.

இவ்வினாவை எழுப்புவதற்கு ரொமேஷ் ரங்கநாதனைவிடப் பொருத்தமான ஒருவர் இன்று இல்லை எனலாம். பிரித்தானியத் தொலைக்காட்சியிற் பயணத் தொடர்களுக்கென்று தனிப் பெயர் பெற்றவர்களுள், இத்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். 1978 இல் இங்கிலாந்தின் கிரோலி நகரிற் பிறந்தார். முழுப்பெயர் ஜொனத்தன் ரொமேஷ் ரங்கநாதன். அப்பெயரின் முதற்பாதி அந்நாட்டிற்கும் மறுபாதி வீட்டிற்கும் உரியது; அவருடைய கலை முழுவதும் இவ்விரு பாதிகளுக்கும் இடையே நிகழும் இழுபறியே. கணித ஆசிரியராகப் பணிபுரிந்து, பின்னர் மேடை நகைச்சுவையாளராகிப் புகழ்பெற்றார். வகுப்பறையின் கடைசி வாங்கிலிருந்து வரும் பொய்ச்சாட்டை நம்பாத ஓர் ஆசிரியரின் சலிப்பு முகம் இன்றும் அவரை விட்டு நீங்கவில்லை. திரையில் அவருக்குள்ள பெரிய மூலதனமும் அம்முகமே.

அம்முகம் எங்கிருந்து வந்தது என்பதை அறியப் பயணத் தொடரின் மரபைச் சற்றே திரும்பிப் பார்த்தல் தகும். 1950களின் இறுதியிற் பி.பி.சி.யில் உலகஞ்சுற்றத் தொடங்கிய அலன் விக்கர், எந்நாட்டிலும் குலையாத உடையும் குலையாத நிதானமும் கொண்ட கனவான். 1989 இல் ஒளிபரப்பான எண்பது நாள் உலகப் பயணத் தொடரின் மூலம் மைக்கேல் பேலின் அக்கனவானை ஒரு நல்ல அயலவராக மாற்றினார். அவர் வியந்தார், வருந்தினார், வயிறு கெட்டுப் படுத்தார். 2010 அளவில் வெளிநாடு செல்லவே விரும்பாத கார்ல் பில்கிங்டனைப் பிடித்து அனுப்பி, அவருடைய முணுமுணுப்பையே நிகழ்ச்சியாக்கினர். ரொமேஷின் சலிப்பு முகத்துக்கு இந்த முணுமுணுப்பே நேர் முன்னோடி. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலேயன் ஒருவன் பிறநாட்டிற் சங்கடப்பட்டால் அது வேடிக்கை. தன் தாய்தந்தையரின் நாட்டிலேயே மகன் சங்கடப்பட்டால் அதில் வேடிக்கையோடு வேறொன்றும் கலந்துவிடுகின்றது.

தமிழுக்கும் இத்துறையில் ஒரு மூத்த பிள்ளை உண்டு. காந்தியைப் பற்றிய ஆவணப் படத்திற்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து 1940 இல் அதனை வெளியிட்ட ஏ. கே. செட்டியார், பயணக் கட்டுரையிலும் தம்மைப் பின்னிறுத்திக்கொண்டு கண்டதை முன்னிறுத்தியவர். தொலைக்காட்சித் தொகுப்பாளருக்கு அத்துறவு வாய்ப்பதில்லை. அவர் முகம் சட்டகத்தில் இல்லையேல் நிகழ்ச்சியே இல்லை.

2015 இற் பி.பி.சி.யின் மூன்றாம் அலைவரிசையில் வெளிவந்த ‘ஏஷியன் புரொவொகேட்டர்’ என்ற தொடரே ரொமேஷின் பயணத் தொடர்களுக்குத் தொடக்கம். மகன் தன் பூர்வீகத்தை அறியாதவனாய் வளர்ந்துவிட்டான் என்று குறைப்பட்ட தாயார் அவரை இலங்கைக்கு அனுப்புகின்றார்; அங்கு உறவினர் அவரைக் கையேற்று ஒவ்வொன்றாய்ப் பழக்கப் பார்க்கின்றனர்; அவர் ஒவ்வொன்றிலும் தோற்கின்றார். நகைச்சுவை என்ற அளவில் இது வெற்றியே. இலங்கையைக் கடற்கரையும் யானையும் தேயிலையுமாகக் கண்டு பழகிய ஆங்கிலப் பார்வையாளருக்கு, அதட்டுவதும் கேலி செய்வதும் அன்பு காட்டுவதும் ஒரே மூச்சில் நிகழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை அது காட்டிற்று. கேலிக்குரியவர் ஊரவர் அல்லர், வந்தவரே என்ற நிலை பிரித்தானியத் தொலைக்காட்சிக்கு அப்போது மலிவான பொருளன்று.

ஆயின் அத்தொடரின் எல்லையும் அங்கேதான் உள்ளது. வேரைத் தேடிச் செல்பவன் உறவின் வழியே செல்கின்றான். மாமன் வீடு, பெரியம்மா வீடு என்று உறவு போகுமிடமெல்லாம் படக்கருவியும் போகின்றது. உறவு நிற்குமிடத்தில் அதுவும் நின்றுவிடுகின்றது. தமிழ் என்பது இங்கு ஒரு குடும்ப மரமாகச் சுருங்குகின்றது. கல்முனையிலோ நிந்தவூரிலோ ஒரு முஸ்லிம் தாய் பிள்ளையைத் தமிழிலேயே தாலாட்டுகின்றாள், தமிழிலேயே ஏசுகின்றாள். அவள் அந்த மரத்தின் எக்கிளையிலும் இல்லை. ரொமேஷோ தமிழைச் சரளமாகப் பேச இயலாதவர். அவர் இழந்த மொழியை நாள்தோறும் புழங்குபவர்கள் அவருடைய வேர்ப்படத்துக்கு வெளியே நிற்கின்றனர். இதனைத் தொகுப்பாளரின் குற்றமெனச் சொல்வதற்கில்லை. தன் பாட்டியின் வீட்டைத் தேடி வந்தவனை அடுத்த ஊருக்கு ஏன் போகவில்லை என்று கேட்பது நியாயமாகாது. ஆனால் ‘பூர்வீகப் பயணம்’ என்ற இந்த வடிவம், மொழியால் இணைந்து குலத்தால் வேறுபட்ட மக்களைக் காணும் கண் இல்லாதது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

இரண்டாம் தொடர் 2016 இல் வந்தது. இம்முறை தாயும் மகனும் சேர்ந்து அமெரிக்கா செல்கின்றனர். பயண நூல் என்ற வகையில் இதிற் புதிதாக ஏதுமில்லை. ஆனாற் சாந்தி ரங்கநாதன் என்ற அத்தாயார் திரைக்கு வந்தவுடன் தொடரின் எடை மாறிவிடுகின்றது. எழுதிவைத்துப் பேசும் மகனுக்கு முன் எழுதிவைக்காமற் பேசும் தாய். மகனின் சலிப்பு முகம் உலகம் முழுவதையும் மடக்கிவிடும். அம்மாவிடம் மட்டும் செல்லாது. ரொமேஷின் தொடர்கள் அனைத்திலும் அவரை உண்மையாக எதிர்த்து நிற்கும் பாத்திரம் அவருடைய தாயார் ஒருவரே என்று துணிந்து கூறலாம். 2018 இற் குடும்பத்தோடு லொஸ் ஏஞ்சல்ஸிற் குடியேற முயன்ற ‘ஜஸ்ட் அனதர் இமிகிரன்ட்’ தொடரை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதே 2018 இற் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையிற் தொடங்கிய ‘த மிஸ்அட்வென்ச்சர்ஸ் ஒஃப் ரொமேஷ் ரங்கநாதன்’ தொடரே அவருடைய முதிர்ந்த படைப்பு. சுற்றுலாப் பயணியர் அஞ்சி ஒதுக்கும் நாடுகளுக்கு அவர் செல்வார். அந்நாட்டவர் ஒருவர் அவரை அழைத்துச் செல்வார். அஞ்சியது வேறு, கண்டது வேறு என்று இறுதியில் அவர் உணர்வார். முதலாண்டில் ஹெய்ட்டி, எத்தியோப்பியா, அல்பேனியா. பின்னர் சிம்பாப்வே, மொங்கோலியா, ருவாண்டா எனத் தொடர் நீண்டது. 2020 இல் இதற்கு பாஃப்டா விருதும் கிடைத்தது.

இத்தொடரின் பெருமை வழிகாட்டியிடத்தே உள்ளது. விக்கரின் உலகில் உள்ளூரவர் கேள்விக்கு மறுமொழி சொல்பவர், அவ்வளவே. இங்கு வழிகாட்டி திருப்பிக் கேட்கின்றார், விருந்தினரின் பயத்தைப் பார்த்துச் சிரிக்கின்றார், அவர் மறுத்ததைச் செய்விக்கின்றார். பிரித்தானியாவிற் சிறுபான்மையினனாக வளர்ந்தவன் என்பதனால், மற்றவர் தன்னை முன்கூட்டியே எடைபோடும் அனுபவம் ரொமேஷுக்குப் புதிதன்று. ஆகவே தன் அறியாமையை மறைக்காது முன்வைப்பது அவருக்கு இயல்பாகக் கைவருகின்றது. இந்நேர்மை மதிக்கத்தக்கது.

எனினும் இத்தொடர் நிற்கும் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தால் ஒரு சங்கடம் வெளிப்படும். அச்சம் பொய்யென்று காட்டவேண்டுமாயின் முதலில் அச்சத்தை மேடையேற்றியாக வேண்டும். நாடு பயங்கரமானது என்ற செய்தித்தாள் நினைவு தொடக்கத்திற் கிளறப்படுகின்றது. இறுதியில் அந்நாட்டு மக்கள் அன்புள்ளவர்கள் என்ற தீர்ப்பு வழங்கப்படுகின்றது. தீர்ப்பு சாதகமானதே. ஆனாற் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியபின் விடுதலை செய்வதும் ஒருவகையில் விசாரணைதானே! எத்தியோப்பியன் அன்புள்ளவன் என்பது எத்தியோப்பியனுக்குச் செய்தியாகுமா?

இக்கேள்வி கல்முனைக் கரைக்கு வெறும் கோட்பாட்டு வினாவன்று. சாய்ந்தமருது வீட்டில் வந்து தங்கியவர்கள்மேற் சந்தேகங்கொண்டு அறிவித்தவர்கள் அவ்வூரவரே என்பது பின்னர் வெளியாயிற்று. அப்படியிருந்தும் அதன்பின் நெடுங்காலம் இக்கரை மக்கள் சோதனைச் சாவடியிலும் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் தம்மை நல்லவர்களென நிரூபிக்க வேண்டியவர்களாய் இருந்தனர். நாளை இப்படியொரு தொடர் இங்கு வருமாயின், அவர்களுக்கு ஒதுக்கப்படும் பாத்திரம் எதுவாக இருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. வட்டிலப்பமும் புரியாணியும் பரப்பி, வந்தவரை வயிறார உண்பித்து, ‘இவர்கள் எவ்வளவு நல்லவர்கள்’ என்ற வியப்பைப் பெற்றுக்கொள்ளும் பாத்திரமே அது. ரொமேஷ் ஊன் உண்ணாதவர் என்பதால் அக்காட்சியிற் சிரிப்புக்கும் குறைவிராது. வயல் நீருக்கு அலைவதும், மகளுக்கு வீடு கட்ட வளைகுடாவில் உழைப்பதும், ஆழிப்பேரலைக்குப் பின் நுரைச்சோலையிற் சவூதி நன்கொடையிற் கட்டப்பட்ட 500 வீடுகள் வழக்கினால் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்ததும் அந்த வியப்புக்குப் பயன்படாதவை. ஆகவே அவை வெட்டுமேசையிலே நின்றுவிடும்.

அவ்வாறாயின் ஒரு மணி நேரத்தில் எதுவுமே இயலாதா? இயலும் என்பதற்கு மைக்கேல் பேலினிடமே சான்றுண்டு. முதற் பயணத்தில் அவர் துபாயிலிருந்து பம்பாய்க்கு ஒரு பாய்மரக்கல வகைச் சரக்குப் படகிற் சென்றார். குஜராத்தி மாலுமிகள் அவரோடு உண்டனர், உறங்கினர்; நோயுற்றபோது அவரைக் கவனித்தனர். மொழி கிடையாது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2008 இல், பேலின் குஜராத்தின் மாண்டவித் துறைக்குச் சென்று அம்மாலுமிகளைத் தேடிக் கண்டார். முன்னர் அவரைச் சுமந்து சென்றவர்களாயிருந்தோர் இப்போது முதுமையும் வீடும் வரலாறும் உள்ள மனிதர்களாயினர். பயணத் தொடர் வரலாற்றிலே திரும்பிச் சென்ற இந்த ஒரு செயல், புதிய நாடுகள் பத்தைக் கண்டதிலும் மேலானது. ரொமேஷின் வழிகாட்டிகளுள் எவரையும் தனியொரு தொடரின் நாயகராக்க இடமுண்டு. அத்தகைய உயிருள்ளவர்கள் அவர்கள். ஆனால் வடிவம் அடுத்த நாட்டை நோக்கி அவசரப்படுகின்றது.

ரொமேஷிடம் பேலினிடம் இல்லாத ஒன்று உண்டு. அவர் அதனை இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை. மாண்டவியில் மொழியறியாமை பேலினுக்கு ஒரு தடை மட்டுமே. கல்முனையில் ரொமேஷுக்கு அது ஒரு கதை. கடற்கரைப் பள்ளியடியிலோ மருதமுனைத் தறியருகிலோ வயதான ஒருவர் அவரைப் பார்த்து, ‘வாங்க மனே, இரிங்க, ஊரு எங்க?’ என்று கேட்பார். கேள்வி காதுக்குப் பழக்கமான ஓசையோடு வரும். மறுமொழி நாவில் வராது. அம்மா பேசும் மொழியில், அம்மாவின் குலத்தைச் சேராத ஒருவர் கேட்கும் அக்கேள்விக்கு முன், ஆங்கிலத்தில் எத்தனை சாமர்த்தியமான பதில்கள் இருந்தாலும் அவை அவருக்கு உதவமாட்டா. கிழவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்ப்பார்; பின் மெல்ல, குழந்தைக்குச் சொல்வதுபோல், கேள்வியை மறுபடியும் கேட்பார்.