போயா நாளும் ஞாயிற்றுக்கிழமை மாலையும்

யாழ்ப்பாணத்தில் கணவனும் மனைவியும் வெளியே போவதென்றால் காலையிலேயே புறப்பட்டுவிடுவார்கள். விடிய எழும்பிச் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போவார்கள். அல்லது குறிகட்டுவான் வரை பஸ்ஸில் போய்ப் படகேறி நயினாதீவு அம்மனிடம் போவார்கள். சென்னையிலோ வெயில் தாழ்ந்த பிறகுதான் கிளம்புவார்கள். மெரினா, இல்லாவிட்டால் ஒரு படம், திரும்பும் வழியில் ஓட்டலில் டிபன். அங்கே பகல், இங்கே மாலை.

வெயில் இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அடுப்படி. தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஞாயிறு என்றாலே கறிக்குழம்பு. கறி வந்து, மசாலா அரைத்து, குழம்பு இறக்கி, எல்லோரும் சாப்பிட்டெழுந்து, பாத்திரம் கழுவி முடிக்கும்போது மணி மூன்றாகிவிடும். வாரம் முழுக்க வேலைக்குப் போய் வரும் பெண்ணுக்கும் இதில் விலக்கு கிடையாது. அவளுடைய ஞாயிற்றில் மிஞ்சுவது மாலை மட்டும்தான். யாழ்ப்பாணத்துப் பெண்ணும் சமைக்கத்தான் செய்கிறாள், அதுவும் இருட்டோடு எழும்பி. ஆனால் சமைத்ததைக் கையோடு கொண்டுபோய்ச் சவுக்கு மர நிழலில் கணவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அந்த ஒரு வேளை அவளுக்குப் பரிமாறுகிற வேலை இல்லை. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இலங்கைக்கு, நிலவைப் பார்த்து வரும் போயா விடுமுறை என்றொரு கொடையும் உண்டு. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்குப் பதிலாகப் போயாதான் வார விடுமுறை. நிலவின் கணக்கில் ஓய்வு நாள் கிழமை மாறி மாறி வந்தது. இன்று ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை, அன்று நாடெங்கும் மது விற்பனை இல்லை. முதல் நாளே வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள்தான். இருந்தும் மாதத்தில் ஒரு நாளாவது கடை மூடியிருப்பது பல குடும்பங்களில் மனைவிக்குப் பெரிய ஆறுதல். தமிழ்நாட்டில் அப்படி மூடுகிற நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: திருவள்ளுவர் நாள், குடியரசு நாள், வள்ளலார் நினைவு நாள், காந்தி பிறந்த நாள் என்று.

கடலும் ஒரே மாதிரி இல்லை. கசூரினாவில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். நீந்தத் தெரியாத மனைவி கணவன் கையைப் பிடித்தபடி இறங்கி, "இஞ்சேருங்கோ, இன்னும் கொஞ்சம் அங்கால போவம்" என்று கேட்க முடிகிறது. மெரினாவில் சில அடியிலேயே ஆழம், இழுப்பும் பொல்லாதது. குளிக்கக் கூடாது என்று போலீசார் விரட்டுகிறார்கள். அதனால் அங்கே கால்களை மட்டும் நனைத்துவிட்டு மணலில் உட்காருகிறார்கள். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் ஒரே பொட்டலம் வாங்கி, பலூன் சுடும் சத்தத்துக்கு நடுவே இருவரும் மாறி மாறி எடுத்துக்கொள்கிறார்கள். அத்தனை கூட்டத்தில் யாரும் அவர்களைக் கவனிப்பதில்லை. கூட்டுக் குடும்பத்தில் வாழும் இளம் தம்பதிக்கு இந்தத் தனிமை வேறெங்கே கிடைக்கும்? கொழும்பு காலிமுகத்திடல் இந்த விஷயத்தில் மெரினாவுக்குத்தான் உறவு. 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்த அந்த நடைபாதையில், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணுங்கள் என்று பின்வருவோரைக் கேட்கும் கல்வெட்டு இருக்கிறது. இன்று அங்கே மாலையில் இறால் வடை வாசம்; குடைக்குள் ஒதுங்கிய சோடிகள்.

கல்யாண நாள் வந்தால் இரண்டு கரையிலும் முதலில் கோயில்தான். நல்லூரில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கும்பிட்டு வந்து சட்டையை மாட்டியதும் பக்கத்திலேயே ஐஸ்கிரீம் கடை. அறுபதாம் கல்யாணத்துக்கு மட்டும் தமிழ்நாட்டுத் தம்பதிகளைப் போலவே இலங்கைத் தம்பதிகளும் கடல் கடந்து திருக்கடையூருக்கு வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் எனக்குக் குறையாகப் படுவது இரவுதான். ஊரடங்கும் சோதனைச் சாவடியுமாகக் கழிந்த போர்க்காலம், பொழுதுபட முன்னம் வீட்டுக்கு வந்துவிடும் பழக்கத்தை ஊருக்கே உண்டாக்கியது. போர் 2009இல் முடிந்தது, யாழ்தேவி ரயிலும் 2014இல் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. ஆனாலும் இருட்டினால் ஊர்ப்புறப் பஸ்கள் அருகிவிடுகின்றன. வாகனம் இல்லாத தம்பதி பொழுது சாய்வதைப் பார்க்கக் காத்திருக்க முடியாது. காரைநகரிலிருந்து இரவு எட்டரைக்கு ஒரு பஸ் விட்டால் போதும், அவர்களும் இருந்து பார்த்துவிட்டு வருவார்கள்.