பாடல் பிறந்த கதையும் பாடல் வளர்ந்த நாள்களும்: ‘கெட் பேக்’ ஆவணத் தொடரை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

1969 ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவினர் ஓர் இசைத்தட்டுக்காக உழைத்த நாள்களைப் பீட்டர் ஜாக்சனின் ‘கெட் பேக்’ (2021) ஆவணத் தொடர் காட்டுகிறது. அத்தொடரைப் படைப்புழைப்பின் சான்றாவணமாகக் கொண்டு, அது வெளிப்படுத்துவனவற்றையும் மறைப்பனவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்த் திரையிசை வரலாற்றெழுதியலில் இசைக்கலைஞர்தம் பணிநாள்கள் இடம்பெறாமை குறித்த வினாவை இதன்வழி எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: பீட்டில்ஸ், ஆவணப்படம், பாடவேறுபாடு, ஒலிப்பதிவு, இசைக்கலைஞர், தமிழ்த் திரையிசை

முன்னுரை

தமிழில் திரைப்பாடல் குறித்து எழுதப்பெறும் நூல்களிலும் நேர்காணல்களிலும் பெரிதும் விரும்பப்படும் வகைமை, ‘பாடல் பிறந்த கதை’ என்பதாகும். கவிஞர் காரிலிருந்து இறங்குவதற்குள் பல்லவி அமைந்தது, ஐந்தே நிமிடத்தில் மெட்டு உருவானது என்னும் போக்கில் அவை அமைகின்றன. சுவை மிக்கவை, ஆயின் அவற்றுள் உழைப்பு இல்லை. பிறப்பு மட்டும் சொல்லப்பட்டு வளர்ப்பு விடுபடுகிறது. ஒரு பாடல் எத்தனை நாள் பிழையாக இசைக்கப்பட்டது, எவரால் திருத்தப்பட்டது, அன்று பகலுணவு வேளையில் என்ன மனக்கசப்பு நேர்ந்தது என்பன நம் இசை வரலாற்றுக்கு வெளியே நிற்கின்றன. இக்குறையை உணர்வதற்கு, அத்தகைய நாள்கள் ஏறத்தாழ முழுமையாகப் பதிவான ஒரு நிகழ்வைக் காண்பது பயன்தரும்.

படப்பிடிப்புத் தளத்தில் ஓர் இசைக்குழு

1969 ஜனவரி 2 அன்று இலண்டனின் டிவிக்கன்ஹாம் திரைப்படத் தளத்தில் நால்வரும் கூடினர். புதிய பாடல்களை ஒத்திகை பார்த்து மக்கள்முன் நிகழ்த்துவது, அதனைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்குவது என்பது திட்டம். மைக்கேல் லிண்ட்சே ஹாக் இயக்குநர். ரிங்கோ ஸ்டார் ‘தி மேஜிக் கிறிஸ்டியன்’ என்னும் திரைப்படத்தில் நடிக்கச் செல்லவேண்டியிருந்தமையால் மாத இறுதிக்குள் யாவும் முடிந்தாக வேண்டும்.

இரவில் நெடுநேரம் ஒலிப்பதிவு செய்து பழகிய குழுவினர், படப்பிடிப்புக் குழுவின் வேலைநேரத்துக்கேற்பக் காலையில் வந்துசேர வேண்டியவராயினர். தளமோ பெரியது, குளிர்ந்தது, எதிரொலிப்பது. தொடரைக் காண்போர் முதலில் உணர்வது இசையை அன்று. தேநீர்க்கோப்பை, வாட்டிய ரொட்டி, நாளிதழ், கொட்டாவி, ஒருவருக்காக மற்றவர் காத்திருத்தல் ஆகியவற்றையே. இக்காத்திருப்பைச் சலிப்பென்று ஒதுக்கிய விமர்சகர் உண்டு. என் கருத்தில் தொடரின் உயிர்ப்பகுதி அதுவே.

ஜனவரி 6 அன்று பால் மெக்கார்ட்னிக்கும் ஜார்ஜ் ஹாரிசனுக்கும் இடையே எழும் உரையாடல் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. கித்தாரை எவ்வாறு இசைப்பது என்பதே பேச்சு. குழுவில் தனக்குரிய இடம் எது என்பதே பொருள். நான்கு நாள்களுக்குப் பின், ஜனவரி 10 அன்று, ஹாரிசன் பகலுணவு வேளையில் குழுவை விட்டு வெளியேறுகிறார். பெருவெடிப்பு ஏதுமின்றி மிகச் சில சொற்களில் அது நிகழ்கிறது. பின்னர் நடந்த பேச்சுகளின் பயனாக அவர் திரும்புகிறார்; டிவிக்கன்ஹாம் கைவிடப்படுகிறது. சாவில் ரோ 3ஆம் எண் கட்டடத்தின் அடித்தளத்தில், இ.எம்.ஐ. நிறுவனத்திடமிருந்து இரவல் பெற்ற கருவிகளுடன் பணி தொடர்கிறது. இடம் சிறியதானதும் இசை நெருங்கிவருவதைக் காண்கிறோம்.

பாடவேறுபாடாக ஒரு பாடல்

ஜனவரி 7 அன்று, ஜான் லெனன் வருகைக்காகக் காத்திருக்கும் வேளையில், மெக்கார்ட்னி தம் பேஸ் கித்தாரை மீட்டிக்கொண்டிருக்க, ‘கெட் பேக்’ பாடலின் மெட்டு நம் கண்முன்னே உருப்பெறுகிறது. எதிரில் ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். தொடரில் மிகுதியாகப் பகிரப்பட்ட காட்சி இதுவே. இதனையும் ‘பாடல் பிறந்த கதை’யாகவே உலகம் கொண்டாடியது. ஆனால் அப்பாடலின் இசைத்தட்டு வடிவம் ஜனவரி 27, 28 ஆகிய நாள்களில்தான் பதிவாகிறது. இடைப்பட்ட மூன்று வாரங்களில் அதன் தாளம் மாறுகிறது, சொற்கள் மாறுகின்றன, பாடலில் வரும் மாந்தரின் பெயர்களும் ஊர்களும் மாற்றி மாற்றி முயலப்படுகின்றன.

இம்மாற்றங்களுள் ஒன்று தமிழ் ஆய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கது. தொடக்கநிலை வடிவங்களுள் சில, தெற்காசியக் குடியேறிகளுக்கு எதிராகப் பிரித்தானியாவில் அப்போது எழுந்த குரலை எள்ளல் செய்தன. 1968 ஏப்ரல் 20 அன்று ஈனக் பவல் ஆற்றிய குடியேற்ற எதிர்ப்புரையும், அதே ஆண்டின் பொதுநலவாயக் குடியேற்றச் சட்டமும் அதன் பின்னணி. எள்ளல் நேர்ப்பொருளாகவே கொள்ளப்படும் இடரும் அதில் இருந்தது. இறுதி வடிவில் அப்பகுதி இல்லை. தலைப்பில் உள்ள ‘திரும்பிப் போ’ என்னும் கட்டளை மட்டும் எஞ்சியது. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கிப் பழகிய நமக்கு இது புதிதன்று. நீக்கப்பட்ட பாடம், நிலைத்த பாடத்தின் பொருளை மாற்றுகிறது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்கூடங்களில் ஒரு பொம்மை உருவாகும் முறையை இங்கு ஒப்புநோக்கலாம். பாரிஸ் சாந்து அச்சில் களிமண் கூழை ஊற்றுகின்றனர், அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண்சுவர் படிகிறது, மிகுதியை வடித்துவிடுகின்றனர். பின் உலர்த்தல், பிசிறு நீக்கல், சூளையில் வேகவைத்தல், கிளேஸ் பூசுதல், மீண்டும் சூளை. கடையில் வாங்குவோர் காண்பது பளபளப்பை மட்டுமே. இவ்வொப்புமை ஓரிடத்தில் பொருந்தாமற் போவதும் நோக்கத்தக்கது. 1970 மே 8 அன்று வெளிவந்த ‘லெட் இட் பி’ இசைத்தொகுப்பில், பில் ஸ்பெக்டர் சில பாடல்கள்மீது பெரும் வாத்தியக் குழுவின் இசையையும் சேர்ந்திசைக் குரல்களையும் ஏற்றியிருந்தார். மெக்கார்ட்னி அதனை ஏற்கவில்லை. 2003இல் அப்பூச்சு நீங்கிய வடிவம் வெளியிடப்பட்டது. சூளையில் வெந்த பூச்சை உரிக்க இயலாது, ஒலிநாடாவில் இயலும். ஆகவே ‘முடிந்த படைப்பு’ என்னும் கருத்தாக்கமே இங்கு நெகிழ்ந்துவிடுகிறது.

பூந்தொட்டிக்குள் ஒலிவாங்கி

ஜனவரி 13 அன்று, ஹாரிசனின் விலகல் குறித்து லெனனும் மெக்கார்ட்னியும் உணவகத்தில் தனித்துப் பேசுகின்றனர். மேசைமீதிருந்த பூந்தொட்டிக்குள் படக்குழு ஒலிவாங்கியை மறைத்து வைத்திருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் அப்பேச்சை உலகம் கேட்கிறது. மேலும், தங்கள் உரையாடல் பதிவாகாதிருக்கக் குழுவினர் கித்தாரை உரக்க மீட்டிக்கொண்டே பேசினர் என்றும், எந்திரக் கற்றல் நுட்பத்தால் கித்தார் ஒலியைப் பிரித்தெடுத்துப் பேச்சை மீட்டதாகவும் ஜாக்சன் கூறியுள்ளார்.

ஆய்வாளர்க்கு இதனினும் அரிய சான்று கிடைத்தல் அரிது. எனினும் மறைக்க விரும்பியோரின் திரையை விலக்கிப் பெற்ற சான்று இது. லெனன் 1980இலும் ஹாரிசன் 2001இலும் மறைந்தனர். இப்பேச்சு பொதுவெளிக்கு வந்ததை அவர்கள் அறியார். உரிமையுடையோர் இசைவு தந்தனர் என்பது சட்டத்துக்குப் போதும். அறத்துக்குப் போதுமா என்பதைத் தொடர் கேட்டுக்கொள்ளவில்லை. நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துச் செல்லும் அதன் உத்தி, பார்வையாளரை நேரில் இருந்தவராகவே எண்ணவைக்கிறது. உண்மையில் ஏறத்தாழ 60 மணிநேரப் படச்சுருளும் 150 மணிநேரத்துக்கு மேற்பட்ட ஒலிப்பதிவும் சுமார் எட்டு மணிநேரமாகச் சுருக்கப்பட்டுள்ளன. இதே மூலத்திலிருந்து லிண்ட்சே ஹாக் 1970இல் உருவாக்கிய ஏறத்தாழ 80 நிமிடப் படத்தைப் பலரும் பிரிவின் கதையாகக் கண்டனர். ஜாக்சன் நட்பின் கதையைத் தந்தார். ஒரே சுவடிக்கட்டிலிருந்து இரு பதிப்பாசிரியர் இருவேறு நூல்களைப் பதிப்பித்தது போன்றதே இது.

பெயர் பெற்றவர், பெயர் பெறாதவர்

ஜனவரி 22 அன்று கருப்பின இசைஞர் பில்லி பிரெஸ்டன் வருகிறார். மின்பியானோ முன் அமர்கிறார். அறையின் மனநிலையே மாறுகிறது. ஏப்ரலில் வெளியான ‘கெட் பேக்’ இசைத்தட்டில் குழுவின் பெயரோடு அவர் பெயரும் அச்சாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1967இல் ‘சார்ஜெண்ட் பெப்பர்’ தொகுப்பில் ஹாரிசனின் இந்தியப் பாணிப் பாடலுக்கு இசைத்த இலண்டன்வாழ் இந்தியக் கலைஞர்கள் உறையில் பெயர் பெறவில்லை. அவர்கள் யாரென்பது 2017இல்தான் பரவலாக அறியவந்தது. 1968 ஜனவரியில் ஹாரிசன் மும்பை எச்.எம்.வி. பதிவகத்தில் இந்தியக் கலைஞர்களைக் கொண்டு ‘வொண்டர்வால் மியூசிக்’ தொகுப்பின் பகுதிகளையும் ‘தி இன்னர் லைட்’ பாடலின் இசையையும் பதிவுசெய்தார். டிவிக்கன்ஹாமின் தேநீர்க்கோப்பைகள்கூடப் படமாகியிருக்க, மும்பையில் இசைத்தவர்களின் நாள்கள் அவ்வாறு நம் கைக்கு வரவில்லை. எவருடைய அன்றாடம் ஆவணமாகும் தகுதி பெறுகிறது என்பது கலைத்திறனால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று.

கோடம்பாக்கத்தின் பதிவறைகள்

அதே பத்தாண்டில் சென்னையில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணையர் (1965இல் பிரியும் வரை) தமிழ்த் திரையிசையின் போக்கையே மாற்றிக்கொண்டிருந்தனர். பாடகரும் வாத்தியக் குழுவும் ஒருசேர இசைத்துப் பதிவுசெய்த காலம் அது. வயலின் வரிசையில் ஒருவர் பிழைத்தால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அக்கூட்டுழைப்பின் ஒழுங்கும் களைப்பும் நகைச்சுவையும் எங்கே பதிவாயின? இசைத்தட்டின் வட்டச்சீட்டில் படத்தின் பெயர், பாடகர், இசையமைப்பாளர், கவிஞர் என்பவற்றோடு இடம் முடிந்துவிடுகிறது. கித்தாரும் அக்கார்டியனும் பாங்கோவும் இசைத்தோர் ‘குழுவினர்’ ஆயினர்.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லை என்றும் சொல்வதற்கில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதிய காட்சிகளை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் நாள்முறையாகவே வரைந்து காட்டியுள்ளார். எழுதியவரின் பெயரும் உண்ட உணவும் சென்ற ஊரும் அங்குண்டு. இலக்கியக் கல்வி பெற்ற இப்பேற்றைத் திரையிசை பெறவில்லை.

தேடத் தொடங்குவோர் இசையமைப்பாளரின் நினைவுரைகளுக்கு அப்பாற் செல்ல வேண்டும். ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசன், திரையிசைக் கலைஞர்களைத் தொழிற்சங்கமாகத் திரட்டுவதில் முன்னின்றவர். ஊதியம், வேலைநேரம், ஒத்திகைக்கான படி ஆகியவை பேசுபொருளாகும்போது கலைஞர் தனித்தனிப் பெயராகவே பதியப்படுவர். சங்கக் குறிப்பேடுகள், பதிவகங்களின் நாள்வாரிப் பதிவேடுகள், சம்பளச் சீட்டுகள், கலைஞர் தம் கையால் எழுதிய இசைக்குறிப்புத் தாள்கள் ஆகியவை அரங்கக் கதைகளினும் நம்பத்தக்க மூலங்கள். அவ்வாத்தியங்களை இசைத்தோருள் இன்றும் வாழ்வோர் எண்பது, தொண்ணூறு அகவையினர். அவர்களிடம் கேட்கவேண்டிய முதல் வினா, அப்பாடல் எவ்வாறு பிறந்தது என்பதன்று. அன்று காலை எத்தனை மணிக்குப் பதிவகத்தில் இருக்க வேண்டும், எத்தனை முறை இசைத்தீர்கள், அருகில் அமர்ந்திருந்தவர் யார் என்பனவே.