அடியும் திரையும்: திருக்கோவையாரின் மின்னூல் வடிவம்

ஒரு நூல் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் பெயருங்கால் அதன் சொற்கள் மட்டும் பெயர்ந்தாற் போதுமா, அச்சொற்கள் நிற்கும் நிலையும் உடன் பெயர வேண்டுமா என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. மேலூருக்கு அணித்தாகிய மாங்குளத்துக் குன்றில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கருதப்பெறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்கள் உள்ளன. அவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. சொல்லைச் சொல்லினின்று பிரித்துக்காட்டும் முறையும் இல்லை. படிப்போரே பிரித்தறிதல் வேண்டும். அதே வட்டாரத்துத் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர் எனப் போற்றப்படுவது. அவர் அருளிய திருக்கோவையார் ஓலையில் வாழ்ந்து, தாளில் ஏறி, இன்று கையகலத் திரையை அடைந்துள்ளது. இப்பெயர்ச்சியில் நூல் பெற்றது யாது, இழக்க நேர்வது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலைச்சுவடியில் பாட்டு அடியடியாக நிற்கவில்லை. ஏட்டின் நீளம் உள்ளவரை தொடர்ந்து ஓடியது. புள்ளி பெரும்பாலும் இடப்பெறவில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேற்றுமை இல்லை. அடி முடியும் இடத்தைச் செவியே உணர்த்தியது. எதுகையும் மோனையும் எல்லைக்கற்களாக நின்றன. சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையரவர்கள் சீவகசிந்தாமணியையும் 1887இல் பதிப்பித்தனர். அவர்தம் காலத்துப் பதிப்பாசிரியர் செய்த பணி பாடவேறுபாடு கண்டமையோடு அமைவதன்று. செவி உணர்ந்த அடியைக் கண்ணுக்கும் புலனாக்கியது அச்சுப் பதிப்பே.

அப்பணியின் வழித்தோன்றலாக 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியம் கருதாது தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் உலகிற்கு வழங்கினர். தொடக்கக் காலக் கோப்புக்கள் தனி எழுத்துருவையும், பின்னர்த் திஸ்கி என்னும் குறியேற்றத்தையும் சார்ந்திருந்தன; அதன்பின் ஒருங்குறிக்கு மாறின. இம்மாற்றம் எளிதன்று. திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தோன்றும் முறையே கொம்பு, ககரம், கால் என மூன்றாகப் பதிவாகும். ஒருங்குறியிலோ மெய்யின் இடம் முதலாகவும் உயிர்க்குறி அதன் பின்னாகவும் பதிவாகும். எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றுவது போதாது. வரிசையையும் மாற்றுதல் வேண்டும். தோற்றத்தைப் பதிவு செய்தல் வேறு, அமைப்பைப் பதிவு செய்தல் வேறு என்னும் உண்மை இங்கே எழுத்தளவில் விளங்குகின்றது. இவ்வுண்மை நூலளவிலும் பொருந்துமென்பதே யாம் நிறுவ விழைவது.

இன்று வழங்கும் மின்னூல் வடிவங்களை இருவகைப்படுத்தலாம். ஒன்று, பி.டி.எஃப். போல் பக்கத்தின் தோற்றத்தை அப்படியே நிறுத்துவது. மற்றொன்று, 2007இல் தரமாக ஏற்கப்பெற்ற இபப் போல், திரையின் அளவுக்கும் படிப்போர் விரும்பும் எழுத்தளவுக்கும் ஏற்ப வரிகளைத் தானே மடித்துக்கொள்வது. கிண்டில் முதலிய ஆறு அங்குலக் கருவியில் பெரிய பக்கமொன்றை நிறுத்தினால் எழுத்து எறும்பளவாகும். அதனைப் பெரிதாக்கினால் பக்கத்தை இடமும் வலமும் நகர்த்தியே படிக்க நேரும். ஆதலின் இரண்டாம் வகையே கண்ணுக்கு இதமானதென்பது வெளிப்படை. ஆயின் செய்யுளுக்கு இடர் விளைவதும் அவ்வகையிலேயே.

திருக்கோவையாரை எடுத்துக்கொள்வோம். அது நானூறு கட்டளைக் கலித்துறைகளால் ஆயது. அடிதோறும் ஐஞ்சீர் வரும். நேரசையில் தொடங்கும் அடி ஒற்று நீங்கப் பதினாறெழுத்தும், நிரையசையில் தொடங்குவது பதினேழெழுத்தும் பெறும். இத்துணை நீண்ட அடி, எழுத்தைப் பெரிதாக்கியவுடன் சிறு திரையில் ஒரு வரிக்குள் அடங்காது. ஐந்தாம் சீர் கீழே விழும். விழுந்த சீர் இடப்புற ஓரத்தில் நின்று புதிய அடி போலத் தோன்றும். நான்கடிப் பாட்டு எட்டு வரியாகி, எதுகை கண்ணுக்கு மறையும். பார்வை குன்றிய முதியோரே எழுத்தைப் பெரிதாக்குவர்; அவர்களுக்கே யாப்பு சிதைந்து கிட்டும். வசதிக்கென அமைந்த கருவி, வசதி வேண்டுவோரிடமே நூலைக் குலைத்துக் கொடுப்பது பெருங்குறையன்றோ?

இக்குறைக்குக் கருவியைப் பழித்துப் பயனில்லை. கோப்பை ஆக்குவோர் பாட்டின் தோற்றத்தை மட்டும் நோக்கி, அதன் அமைப்பைக் குறியாது விடுவதே காரணம். அடியைத் தள்ளி நிறுத்த வெற்றிடங்களை அடுக்குதல், அச்சு வரி முடிந்த இடந்தோறும் உரைநடையை முறித்தல், பக்க எண்ணையும் பக்கத் தலைப்பையும் களையாது விடுதல் ஆகியன இவ்வகைப் பிழைகள். பி.டி.எஃப். கோப்பினின்று காலிபர் போன்ற செயலியால் நேரே மாற்றுங்கால் இவை மிகுதியும் புகும். பேராசிரியர் உரையின் ஒரு தொடருக்கு நடுவே பக்க எண் வந்து நிற்குமாயின் படிப்போர் மயங்குவர். உரையை இருபுறமும் ஓரஞ்சேர்த்தலும் தமிழுக்கு ஒவ்வாது. நம் சொற்கள் புணர்ந்து நீளுதலின், சிறிய திரையில் சொல்லிடையே பெரும்பள்ளங்கள் தோன்றும். இடப்புறம் மட்டும் ஓரஞ்சேர்த்தலே தக்கது.

செய்ய வேண்டுவது யாதெனின், ஒவ்வோரடியையும் தனி உறுப்பாகக் குறித்தலாம். இபப் கோப்பு, வலைப்பக்கம் போன்றே உறுப்புக் குறிகளாலும் அவ்வுறுப்புக்களுக்குரிய நடைவிதிகளாலும் அமைந்தது. அடியின் தொடக்கம் ஓரத்தில் நிற்க, மடிந்து வீழும் பகுதி உள்தள்ளி நிற்குமாறு ஒரே விதி வகுத்தால், நானூறு பாட்டுக்கும் அது பொருந்தும். எழுத்து எவ்வளவு பெரிதாயினும் அடி நான்கென்பது கண்ணுக்குப் புலனாகும். அங்ஙனமே கிளவித் தலைப்பு, பாட்டெண், பாட்டு, கொளு, உரை ஆகிய ஒவ்வொன்றையும் வேறு வேறு உறுப்பாகக் குறித்தல் வேண்டும். பாட்டெண்ணினின்று பொருளடக்கம் அமையுமாயின், திரைக்குத் திரை மாறும் பக்க எண்ணை நாடாது பாட்டெண்ணாலேயே மேற்கோள் காட்ட இயலும்.

ஓலையில் அடி பிரியாமலே முன்னோர் படித்தனரே, இன்று பிரிப்பது எற்றுக்கு என வினவலாம். அவர் ஆசிரியர் வாய்க்கேட்டுப் பாடம் செய்தவர். அவர் நினைவில் அடி இருந்தது. இன்று தனித்திருந்து கண்ணால் மட்டும் படிப்போர்க்கு அத்துணை இல்லை. ஆதலின் அடியைக் காட்டும் பொறுப்புக் கோப்பினதாகின்றது.

சீர்பிரிப்பும் ஈண்டு எண்ணத்தக்கது. சீர்ப்படி பிரித்தால் ஒரு சொல் இரண்டாக உடைந்து, தேடுவோர்க்கு அகப்படாது போகலாம். சொற்படி பிரித்தால் யாப்பு மறையும். 1950களில் மர்ரே எஸ். ராஜம் அவர்கள் வெளியிட்ட சந்தி பிரித்த மலிவுப் பதிப்புக்கள் பொதுமக்களுக்குப் பெரிதும் பயன்பட்டன. அச்சில் இரண்டையும் தருதல் செலவு மிக்கது. மின்னூலில் அத்தடை இல்லை. சீர்பிரித்த பாட்டின் அடியிலேயே சொற்பிரித்த வடிவையும் தரலாம்.

இறுதியாக ஒன்று. மதுரைத் திட்டக் கோப்புக்களின் தலைப்பில், தட்டச்சிட்டோர், பிழை திருத்தியோர் பெயர்கள் குறிக்கப்பெறும். அத்தலைப்பு சிதையாதவாறு எவரும் அவற்றைப் பரப்பலாமென்பதே அவர் இட்ட நிபந்தனை. கருவிக்கேற்ப மாற்றுங்கால் அதனை வேண்டாப் பகுதியென வெட்டுதல் முறையன்று. பதிப்பாசிரியர் பெயரை நீக்கிய நூல் எப்பாடத்தைத் தழுவியதென அறிய இயலாத நூலாகும்.

இவற்றால், மின்னூல் ஆக்கம் எழுதுவினைஞர் தொழிலன்று, பதிப்புப் பணியே என்பது தெளிவாம். எழுத்தின் அளவும் உருவும் படிப்போர் விருப்பத்திற்கு உரியன. அவற்றை அவரிடமே விட்டுவிடுக. அடியும் பாட்டும் கொளுவும் உரையும் நூலுக்கு உரியன. அவற்றை விட்டுக்கொடுத்தல் ஆகாது. தமிழ்த் துறைகளில் சுவடிப்பதிப்பு கற்கும் மாணவர்க்கு இப்பயிற்சியும் அளிக்கப்பெறுமாயின், திருவாதவூரர் நூல் திரையிலும் தன் அடி தவறாது நிற்கும்.