நின்றதை ஓடவைத்த கயிறு

இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் முன்பு மேல்மலையில் எடுத்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, கம்பியில் மாட்டி, பெக்டரிப் பக்கம் இறக்கிவிடுவார்கள். ஓட்டுவதற்கு மலைச்சரிவே போதும். கீழே சாக்கு கிழியாமல் நிறுத்துவதில்தான் கெட்டித்தனம். இரண்டாம் உலகப் போரில் இதற்கு நேர்மாறான வித்தை ஒன்று இருந்தது. எஞ்சின் இல்லாமல் தரையில் கிடக்கும் கிளைடரை, பறக்கும் விமானம் இறங்காமலே தூக்கிக்கொண்டு போகும்.

அந்தக் கிளைடரின் பெயர் வாக்கோ சிஜி-4ஏ. உருக்குக் குழாய்ச் சட்டகம், மரச் சிறகு, மேலே துணி. சிறகின் நீளம் முனைக்கு முனை ஏறத்தாழ 84 அடி. விமானி இருக்கையோடு மூக்கு மேலே திறக்கும். 13 வீரர்களோ ஒரு ஜீப்போ உள்ளே போகலாம். 1944 மார்ச் 5 இரவு, பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் படையினரை ஏற்றிய கிளைடர்களை, ஒரு டகோட்டா விமானத்துக்கு இரண்டாகக் கட்டி, அசாமின் லாலாகாட்டிலிருந்து பர்மாவுக்கு இழுத்துப் போனார்கள். கயிறு அறுந்து பல வழியிலேயே இறங்கின. 'பிராட்வே' என்று பெயரிட்ட வெட்டவெளியை அடைந்தவற்றிலும் பல மோதி நொறுங்கின. ஆனாலும் அவற்றில் வந்த புல்டோசரைக் கொண்டு ஓடுபாதை அமைத்து, மறுநாள் இரவே டகோட்டாக்களை இறக்கிவிட்டார்கள்.

இப்படி இறங்கிய கிளைடர்களில் நொறுங்காமல் மிஞ்சியதை மீட்கத்தான் அந்த வித்தை. இரண்டு கம்பங்களின் மேல் நைலான் கயிற்றுக் கண்ணி. மறுமுனை கிளைடரின் மூக்கில். டகோட்டா தாழப் பறந்து வந்து கொக்கியால் கண்ணியைக் கவ்விக்கொண்டு மேலே ஏறும். கயிறு விறைக்கும் கணத்தில் கிளைடர் பிய்ந்துபோக வேண்டும். போகாது. நைலான் நீண்டுகொடுக்கும், டகோட்டாவுக்குள் இருக்கும் உருளையிலிருந்து உருக்கு வடம் அவிழ்ந்து ஓடும், பிரேக் அதைச் சிறுகச் சிறுகப் பிடிக்கும். சில வினாடிகளில் கிளைடர் மணிக்கு நூறு மைலைத் தாண்டிவிடும்.

நான் ரசிப்பது அந்தப் பிரேக்கைத்தான். இறுகினால் கயிறு அறும். தளர்ந்தால் வடம் தீர்ந்துபோகும். இடைப்பட்ட அந்த அளவைக் கண்டதே கலை. அமெரிக்க மலையூர்களில் தபால் பைகளைத் தூக்க 1939இல் பழகிய முறை, 1945 மார்ச்சில் ஜெர்மனியின் ரெமாகனிலிருந்து காயப்பட்டவர்களையும், அதே ஆண்டு ஜூனில் நியூகினிப் பள்ளத்தாக்கிலிருந்து விமான விபத்தில் தப்பிய மூவரையும் உயிரோடு கொண்டுவந்தது.

பிறகு ஹெலிகொப்டர் வந்து இதன் வேலையைப் பறித்துக்கொண்டது. அது எங்கும் இறங்கும், எதையும் தூக்கும். பயன் என்று பார்த்தால் அதுவே மேல். ஆனால் தன் வேகத்தை இன்னொன்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து கொடுக்கும் நயம் அந்தக் கயிற்றுக்கே உரியது.