ஆற்றுப்படையும் உணவுப் பட்டியலும்

உணவு விடுதியொன்றைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதுவது தகுமா என்று நண்பர் சிலர் கேட்டனர். தமிழை முறையாகக் கற்றவர்களும் இக்கேள்வியைக் கேட்பதுதான் வியப்பு. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள. முருகாற்றுப்படையை ஒதுக்கிவிட்டால் ஏனைய நான்கும் செய்யும் காரியம் ஒன்றே. வயிறார உண்டு திரும்பும் கலைஞன், பசியோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு, எவ்வழியே சென்றால் எவனிடத்தில் என்ன உணவு கிடைக்கும் என்று விரித்துரைக்கின்றான். இடைவழியில் எந்நிலத்தார் எதைக் கொடுத்து உபசரிப்பர் என்பதும் அதில் அடங்கும். இக்காலத்துப் பிரயாண வழிகாட்டிகள் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பொருநராற்றுப்படையில், கரிகாலன் அளித்த இறைச்சியை இரவு பகலாகத் தின்றதால் பொருநனின் பற்கள் உழுது தேய்ந்த கொழுவைப் போல மழுங்கிவிடுகின்றன. சிறுபாணாற்றுப்படையிலோ, பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தாற் கிள்ளி, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவாரோ என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். விருந்தைப் பாடிய புலவர்கள் அடைத்த கதவுக்குப் பின்னே இருந்த பசியையும் பாடினர். இன்று உணவு விடுதிகளுக்கு எழுதப்படும் புகழுரைகளில் அந்தக் கதவு கண்ணிற்படுவதேயில்லை. இந்த எண்ணத்துடனேயே, ஊவா மலைகளில் அண்மைக்காலத்தில் முளைத்துள்ள நாகரிக உணவு விடுதிகளுள் ஒன்றை, ஒரு நூலை வாசிப்பது போல வாசித்துப் பார்க்க நாம் முற்பட்டோம்.

எல்ல நகரை அறியாத பதுளை வாசகர் இலர். மற்றையோருக்காகச் சில சொற்கள். மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1924 இல் பதுளையை வந்தடைந்தது. தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கும், தோட்டங்களுக்கு வேண்டிய அரிசியையும் ஆட்களையும் ஏற்றுவதற்கும் பயன்பட்ட பாதை அது. தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையில் 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தில் இன்று புகையிரதம் வரும் நேரம் பார்த்து நூற்றுக்கணக்கான உல்லாசப் பிரயாணிகள் காத்து நிற்கின்றனர். அவர்கள் உண்பதற்கும் குடிப்பதற்குமாக ஒரு தெரு முழுவதும் மாறியிருக்கிறது. மாலையானதும் அங்கே வர்ண விளக்குகள் எரிகின்றன. மேல்நாட்டு இசை ஒலிக்கின்றது. பஸ்ஸுக்கு நிற்கும் தோட்டத்துப் பெண்கள் அவ்வொலியைக் கேட்டவாறே நிற்கின்றனர்.

ஆசிரியர் நால்வர் சென்றோம். விடுதியின் பெயரை எழுதப்போவதில்லை. ஒருவரது கடையைக் கெடுப்பது எமது நோக்கமன்று. அடுத்த கடையும் அதற்கடுத்த கடையும் அதே மாதிரியில் வார்க்கப்பட்டவையே. சுவரிலே கொழுந்து கொய்யும் பெண்களின் பெரிய நிழற்படங்கள், எல்லோரும் சிரிக்கின்றனர். பழைய தேயிலைப் பெட்டிகளே மேசைகள். லயத்து வீடுகளில் தேநீர் குடிக்கும் எனாமல் கோப்பைகள் இங்கே கொக்டெயில் பாத்திரங்களாகிவிட்டன. உணவுப் பட்டியல் தடித்த தாளில் அச்சிடப்பட்ட சிறு நூல். அதற்கு ஒரு முன்னுரையும் இருந்தது. தோட்டத்துரைமாரின் பங்களா வாழ்க்கையின் இனிய நாட்களுக்கு உண்பவரை அழைத்துச் செல்வதாக அம்முன்னுரை உறுதி கூறிற்று. இனிய நாட்கள் யாருக்கு என்ற கேள்வி எழுதியவருக்குத் தோன்றவில்லை போலும்.

முதலில் ரொட்டியை எடுத்துக்கொள்வோம். தேங்காய்ப்பூ கலந்த ரொட்டியும் கட்டச் சம்பலும் அங்கே தொடக்க உணவாகத் தரப்படுகின்றன. உள்ளங்கை அளவு, ஒரே வட்டம், மெல்லிய தட்டல், ஓரம் மட்டும் சற்றுப் பொன்னிறம். சுவை நன்றாகவே இருந்தது. அதை மறைத்து எழுதுவது விமர்சனமாகாது. ஆனால் தோட்டத்து ரொட்டி இப்படி இராது. அது தடித்தது, கல்லிற் சுட்டு ஆறிய பின் கையிற் பிய்ப்பதற்குச் சற்று வலு வேண்டும். செய்யத் தெரியாமையால் அது தடிக்கவில்லை. விடியுமுன் சுட்டு, துணியிற் சுற்றி, பிரட்டுக் களத்துக்கும் அங்கிருந்து மலைக்கும் கொண்டுபோய், மழையிலும் பனியிலும் பகல்வரை வயிற்றைத் தாங்க வேண்டியது அந்த ரொட்டி. சம்பலிற் காரமும் உப்பும் தூக்கலாக இருப்பதும், கறியில்லாத மாவுணவைத் தொண்டைக்குள் இறக்கத்தான். உழைப்பின் நேர அட்டவணைதான் அதன் உருவத்தை நிர்ணயித்தது. அந்த உழைப்பை நீக்கிவிட்டு ரொட்டியை மெல்லியதாக்கும்போது உருவத்தோடு உள்ளடக்கமும் மாறிவிடுகிறது. கிடைப்பது நல்லதொரு பலகாரம்; பட்டியல் கூறுவது போல அது ‘தோட்டத்து உணவு’ ஆகாது.

பட்டியலில் அதற்குப் ‘பாரம்பரியம்’ என்ற அடைமொழி வேறு. எந்தப் பாரம்பரியம்? நூறாண்டுக்கு முன்னர் தோட்டத்தில் அளக்கப்பட்டது அரிசி. 1927 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலியோடு தோட்டம் வழங்கும் அரிசியின் விலையையும் சேர்த்தே கணக்கிட்டது. கோதுமை மா பின்னாளிற் கப்பலேறி வந்து, அரிசி குறையக் குறைய அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் அந்த மாவுக்கும் வழியின்றித் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அக்கதைகளைச் சொல்லும் பாட்டிமார் இன்றும் எமது மாணவர் வீடுகளில் இருக்கின்றனர். பழைய கதையென்று தள்ளிவிடவும் முடியாது. 2016 ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர்; தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர். எட்டாம் வகுப்பு மாணவரை ஐந்தாம் வகுப்பென்று மயங்கும் புதிய ஆசிரியருக்கு இவ்வெண்களை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது மது. தென்னஞ் சாராயத்தில் தேயிலைச் சாயமும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்து, துரைமாரின் பெயரைச் சூட்டி ஒரு கொக்டெயில் தருகின்றனர். எம்முள் ஒருவர் அதை அருந்தினார். சாயத்தின் துவர்ப்பு சாராயத்தின் எரிவை நன்றாக அடக்குகிறது என்பது அவரது தீர்ப்பு. (மற்ற மூவரும் வெறும் தேநீரோடு நின்றுவிட்டோம், அதன் விலையும் சாமானியமன்று.) கொக்டெயிலின் விலை, 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாயைத் தாண்டியிருந்தது.

விலையைவிட எம்மை உறுத்தியது வேறொன்று. அதே சாராயம் தோட்டத்துச் சந்தியிலுள்ள தவறணையில் விற்கப்படும்போது அதற்கு வேறு பெயர். அது தொழிலாளியின் ஒழுக்கக்கேடு. அவனது வறுமைக்குக் காரணம். சம்பள உயர்வு கேட்கும் ஒவ்வொரு வேளையிலும், ‘கொடுத்தால் குடித்துத்தானே அழிப்பார்கள்’ என்று எடுத்து வீசப்படும் கல். குடியின் கொடுமையை நாம் குறைத்துக் கூறவில்லை. சம்பளத்துக்கு மறுநாள் வகுப்பில் எந்தெந்த இருக்கைகள் வெறுமையாகும் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடியவர்கள் நாம். ஆனால் அந்தத் தவறணைகள் யாருடைய வருவாய்க்காகத் திறக்கப்பட்டன? சாராயக் குத்தகை பிரித்தானிய அரசின் பெரிய வரும்படிகளுள் ஒன்று. 1912 இல் தவறணைகளைப் பெருக்கும் புதிய ஏற்பாட்டுக்கு எதிராக எழுந்த மதுவிலக்கு இயக்கம், இந்நாட்டுத் தேசிய எழுச்சியின் தொடக்கங்களில் ஒன்றாகவே வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அக்காலத்தில் துரை கிளப்பில் அமர்ந்து குடித்தான். தொழிலாளி தவறணையில் நின்று குடித்தான். ஒன்று கனவான்களின் பொழுதுபோக்காகவும் மற்றது கூலிகளின் தீய பழக்கமாகவும் எழுதப்பட்டது. இன்றைய விடுதி அந்தப் பழைய கிளப்பின் நாற்காலிகளைத் தேடிப் பிடித்துத் தூசு தட்டிப் போட்டிருக்கிறது.

இனி மொழி. பட்டியல் முழுவதும் ஆங்கிலம். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று; அது சாப்பாட்டு மேசைக்குச் செல்லாது என்பதை அறிவோம். வேடிக்கை என்னவென்றால், ஒரு தமிழெழுத்தேனும் இல்லாத அப்பட்டியலில் தமிழ் நிறைந்து கிடக்கிறது. ‘முலிகட்டோனி’ என்று அச்சிடப்பட்டிருந்த சூப் எமது மிளகுத்தண்ணீர். ‘ஹொப்பர்’ என்பது அப்பம். லண்டனில் சோஹோ பகுதியில் 2015 இல் திறக்கப்பட்ட பெயர்பெற்ற உணவகம் அச்சொல்லையே தன் பெயராக்கிக்கொண்டது. ‘கறி’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. இச்சொற்கள் ஆங்கிலத்தில் ஏறியதற்குத் துரைமாரின் தமிழார்வம் காரணமன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் அவர்களுக்குச் சமைத்தவர்கள் வழியாகவே அவை ஏறின.

பங்களாச் சமையற்காரனுக்குத் தோட்டத்தில் ‘அப்பு’ என்று பெயர். துரைசானியின் ருசியையும் தன் ஊரின் ருசியையும் ஒரே அடுப்பில் இணக்கிப் புதிதொரு சமையலை ஆக்கியவன் அவன். 1789 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் பிரபுக்களின் சமையற்காரர் பலர் பாரிஸ் நகரிலே தாமே உணவகங்கள் திறந்தனர். பிரெஞ்சுச் சமையலின் வரலாற்றில் அவர்களது பெயர்கள் பொறிக்கப்பட்டன. எமது மலைகளில் ஓர் அப்புவின் பெயரைத் தாங்கிய உணவகத்தை நாம் கண்டதில்லை. அவனது கைவண்ணம் மட்டும் ‘பங்களாச் சமையல்’ என்று விற்கிறது. பங்களா சமைத்ததாம்!

இந்த மௌனம் புதியதன்று. தோமஸ் லிப்டன் 1890 இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியபின், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது தமது தேயிலை என்று உலகெங்கும் விளம்பரம் செய்தார். இடைத்தரகர் ஒழிந்தனர் என்பது அதன் பொருள். அவ்வாக்கியத்திலிருந்து தரகர் மட்டுமா ஒழிந்தனர்? கொய்தவள், சுமந்தவன், வாட்டியவன், அரைத்தவன் அனைவருமே ஒழிந்தனர். லிப்டன் அமர்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இன்று அவரது சிலை அமர்ந்திருக்கிறது. எல்லவின் உணவுப் பட்டியலை எழுதியவர் அறிந்தோ அறியாமலோ அந்த விளம்பர மரபின் வாரிசுதான்.

இவ்வளவும் கூறியபின் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அங்கே எமக்குப் பரிமாறிய இளைஞர்களில் இருவர் எமது பழைய மாணவர்கள். ஒருவன் சாதாரணதரப் பரீட்சைக்கே அமரவில்லை. உடன்வந்த ஆசிரியர் ஒருவர், படித்துக்கொண்டிருக்க வேண்டிய பிள்ளை இப்படித் தட்டேந்தி நிற்பதா என்று வருந்தினார். அவனோ வருந்தியதாகத் தெரியவில்லை. “இங்க யாரும் எந்தத் தோட்டம், எந்த லயம்னு கேக்கிறதில்ல, சேர்” என்றான். வெளிநாட்டவரின் அன்பளிப்புப் பணம் சில மாதங்களில் வீட்டிலிருப்போரின் சம்பளத்தை மிஞ்சிவிடுகிறதாம். தங்கையின் பிரத்தியேக வகுப்புக்கு அவனே பணம் கட்டுகிறான்.

நண்பரின் வருத்தத்தை எம்மால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கொழுந்துக் கூடையைச் சுமப்பது மானம், கோப்பைத் தட்டைச் சுமப்பது அவமானம் என்று வகுப்பது எந்த நியாயம்? பரம்பரை பரம்பரையாக ஒரே மலையிற் கட்டுண்டு கிடந்தவர்களின் பிள்ளை, அந்த மலையை விட்டிறங்குவதற்குக் கிடைத்த முதற்படியில் கால் வைத்திருக்கிறான். அந்தப் படி ஆடுகிறது என்பதே எமது கவலை. நியமனக் கடிதம் என்று ஒன்று அவன் கையில் இல்லை. ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டபோது சிரித்தான். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதலின் பின்னும், 2020 இன் பெருந்தொற்றின்போதும், 2022 இன் பொருளாதார நெருக்கடியிலும் விடுதிகள் வெறிச்சோடியபோது, இவனையொத்தவர்கள் திரும்பிச் செல்வதற்கு இருந்த இடம் அதே லயம்தான். தோட்டத் தொழிலாளிக்குத் தொழிற்சங்கம் என்ற ஒன்றைப் பெற்றுக்கொடுக்கக் கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் மலைமலையாக ஏறி இறங்கினர். அச்சங்கங்களின் இன்றைய நிலையைப் பற்றி எமக்குப் பெரிய மயக்கமில்லை. எனினும் பிரட்டுக் களத்தில் நிற்பவனுக்குக் குரல் கொடுக்க அவை பெயரளவிலேனும் உண்டு. கொக்டெயில் மேசையருகே நிற்பவனுக்கு அதுவும் கிடையாது. எல்லத் தெருவில் எத்தனை லயத்துப் பிள்ளைகள் வேலை செய்கின்றனர், எத்தனை மணி நேரம், என்ன நிபந்தனையில் என்பதை எமது உயர்தர மாணவர்களே ஒரு விடுமுறையில் திரட்டிவிடலாம். பாடசாலைகள் இதை மேற்கொள்ள வேண்டும். சங்கங்கள் அவ்விவரங்களோடு அத்தெருவுக்குள் இறங்க வேண்டும்.

புறப்படுமுன் அந்த மாணவன் எம்மைச் சமையலறை வாசல்வரை அழைத்துச் சென்றான். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருடம் கொழுந்தெடுத்தவர். மெல்லிய ரொட்டிகளை அளவு பார்த்து ஒரு தட்டில் அடுக்கியிருந்தார். அடுப்பின் மறு ஓரத்தில் வேலையாட்களின் இராச்சாப்பாட்டுக்காகச் சுட்ட ரொட்டிகள் துணியில் மூடியிருந்தன. அவை தடிப்பாகவே இருந்தன.