கடல் மருந்து: விடுபட்ட ஒரு கணக்கு

கடல்வாழ் உயிரினங்கள் தரும் மருந்துகளைப் பற்றி மாணவர்களுக்கென எழுதப்பட்ட சிறு நூல் ஒன்றை அண்மையில் படித்தேன். நடை தெளிவானது, கலைச்சொற்கள் மிரட்டவில்லை. ஓடவோ கடிக்கவோ இயலாத கடற்பஞ்சு, தன்னைக் காத்துக்கொள்ள வேதிப்பொருள்களை நம்பியிருப்பதை ஆசிரியர் நன்றாகவே விளக்குகிறார். ஆனால் கடலில் மருந்து கொட்டிக் கிடக்கிறது, அள்ளுவதுதான் பாக்கி என்ற தொனி நூல் நெடுகிலும் கேட்கிறது. அங்கேதான் எனக்கு மறுப்பு.

நான் இயற்பியல் கற்பிப்பவன். அளவு சொல்லாத செய்தியில் மனம் ஒட்டாது. 1986-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஹிராட்டாவும் உயெமுராவும் 'ஹாலிகாண்ட்ரின் பி' என்ற சேர்மத்தை அறிவித்தார்கள். புற்றுநோய்ச் செல்களைத் தடுப்பதில் அது வெகு வீரியமுள்ளது. 600 கிலோகிராம் கடற்பஞ்சிலிருந்து அவர்களுக்குக் கிடைத்ததோ 12.5 மில்லிகிராம்! வகுத்துப் பாருங்கள்: 4 கோடியே 80 லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிராமுக்கு 48 டன் கடற்பஞ்சு வேண்டும். அள்ளப் புறப்பட்டால் மருந்துக்கு முன் கடற்பஞ்சு தீர்ந்துவிடும்.

இந்த முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்பதே சுவையான பகுதி. நூலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. 1992-இல் ஹார்வர்டில் கிஷி குழுவினர் அம்மூலக்கூறு முழுவதையும் ஆய்வுக்கூடத்திலேயே கட்டி முடித்தனர். அதன் ஒரு பாதியே வேலை செய்யப் போதும் என்பதும் பிறகு தெரிந்தது. அப்பாதியைத் திருத்தி அமைத்ததே 'எரிபுலின்'. மார்பகப் புற்றுநோய்க்கு 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து முழுக்க முழுக்கச் செயற்கைத் தயாரிப்பு.

இதெல்லாம் வெறும் நுணுக்கம்தானே என்று கேட்கலாம். நூலை எனக்குக் கொடுத்த மாணவனின் மாமாவுக்கு இரத்தப் புற்றுநோய். "இந்தப் பஞ்சைக் காயவைத்து எங்காவது விற்பார்களா, சார்?" என்று கேட்டான். 'சைட்டரபீன் கடற்பஞ்சிலிருந்து எடுக்கப்படுகிறது' என்ற வாக்கியத்தின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தான்.

அந்த வாக்கியம் தவறு. 1950-களின் தொடக்கத்தில் பெர்க்மன், கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் விந்தையான நியூக்ளியோசைடுகளைக் கண்டார். அவற்றில் வழக்கமான ரைபோஸுக்குப் பதில் அரபினோஸ் சர்க்கரை இருந்தது. இரண்டுக்கும் அணுக்கள் அவையே. ஒரு ஹைட்ராக்சில் தொகுதி மட்டும் எதிர்ப்புறம் திரும்பியிருக்கும். அதே அமைப்பைப் பின்பற்றி 1959-இல் வேதியியலார் செய்ததுதான் சைட்டரபீன். பிளவுறும் செல் இதைத் தன் சொந்தச் செங்கல் என்று ஏமாந்து எடுத்துக்கொள்ள, டி.என்.ஏ. கட்டும் வேலை நின்றுவிடுகிறது.

மாணவனிடம் இதைத்தான் சொன்னேன். 1969-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. தேவையென்றால் மருத்துவரே ஊசியாகப் போடுவார், பஞ்சைத் தேடி அலைய வேண்டாம் என்றேன். அடுத்த பதிப்பில் ஆசிரியர் அவ்வாக்கியத்தையாவது மாற்ற வேண்டும்.