பிள்ளைகளுக்கென எழுதிய பக்கங்கள்: நோய், விசுவாசம், தாய்மார் எழுத்து

நோயுற்றவர்களும் அவர்களைப் பேணுபவர்களும் தம் அனுபவத்தைத் தாமே எழுதிவைக்கும் வாழ்வெழுத்து, இலக்கிய ஆய்வில் தனித்துறையாக உருப்பெற்றது கடந்த நூற்றாண்டின் இறுதியில்தான். ஆன் ஹன்சேக்கர் ஹாக்கின்ஸ் 1993இல் இவ்வெழுத்தை 'பேத்தோகிராஃபி', அதாவது நோய்வாழ்வெழுத்து, என்ற பெயரில் ஆராய்ந்தார்; ஆர்தர் ஃபிராங்க் 1995இல் இத்தகைய கதைகளை மீண்டு நலம்பெறுதல், நிலைகுலைவு, தேடல் என மூன்றாகப் பிரித்தார். இப்பிரிவு இன்றும் பயன்படுகிறது என்றாலும், மூன்று வகைகளிலும் நோயாளியே கதையின் நடுவில் இருப்பதால், தாய்மார் எழுதியவை அதற்குள் முழுமையாக அடங்குவதில்லை. காய்ச்சலில் கிடக்கும்போதும் பிள்ளையின் பாடத்தையும் சாப்பாட்டையும் கவனித்தாக வேண்டியவளின் எழுத்தில் நோய் ஒருபோதும் தனித்து நிற்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதிய கிறிஸ்தவத் தாய்மாரின் நூல்களை வரிசையாகப் படிக்கும்போது, அவர்கள் விசுவாசத்தை எப்படிச் சொன்னார்கள் என்பதைத் தீர்மானித்தது அவர்கள் சார்ந்த சபையின் போதனையைவிட, அவர்கள் யாரை நோக்கி எழுதினார்கள் என்பதே என்று தோன்றுகிறது.

1630இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்து எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற ஆன் பிராட்ஸ்ட்ரீட் இவ்வரிசையில் முந்தியவர். அவர் சார்ந்த பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சியிருந்த பழைய சடங்குகளைக் களைய முயன்ற பிரிவினர், நோயைத் தேவன் தம் பிள்ளைகளைத் திருத்தும் சிட்சையாகவே கண்டனர். அவர் தம் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த உரைநடைக் கடிதமும் அந்நம்பிக்கையையே பேசுகிறது. ஆனால் தேவன் உண்டா என்ற ஐயமே தமக்குப் பலமுறை எழுந்ததை அவர் அதில் மறைக்கவில்லை. ஊரார் காதுக்கு எட்டியிருந்தால் பெரும் பழியாகியிருக்கக்கூடிய இவ்வொப்புதலைப் பிள்ளைகளிடம் சொல்ல அவர் தயங்கவில்லை. அவர் இறந்தது 1672இல். அந்த உரைநடை அச்சேறியதோ 1867இல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து இத்துறைக்கு அளித்தவற்றுள் மிகக் கனமானது கேத்தரின் டெய்ட் எழுதிய நினைவுக்குறிப்பு. அவருடைய கணவர் ஆர்ச்சிபால்ட் டெய்ட், பின்னாளில் கேன்டர்பரிப் பேராயராக உயர்ந்தவர், அப்போது கார்லைல் பேராலயத்தின் டீனாக, அதாவது அப்பேராலயத்தை நிர்வகிக்கும் முதன்மைக் குருவாக இருந்தார். 1856 பிப்ரவரியில் லூசி என்ற பெண்குழந்தை பிறந்து, தாய் இன்னும் பச்சை உடம்புக்காரியாக இருந்தபோதே ஸ்கார்லெட் காய்ச்சல் வீட்டுக்குள் புகுந்து, ஐந்து வார இடைவெளிக்குள் ஐந்து பெண்பிள்ளைகளைக் கொண்டுபோனது. தொண்டை வீங்கி உடல் சிவந்து தடிக்கும் இத்தொற்றுநோய்க்கு அன்று மருந்து இல்லை; பென்சிலின் வர இன்னும் பல பதிற்றாண்டுகள் இருந்தன. அத்துயரத்தை எழுதிய கேத்தரின், இறப்புகளை மட்டும் எழுதவில்லை. பிள்ளைகள் படித்த பாடம், சொன்ன ஜெபம், பாடிய கீதம் என அவர்களுடைய நாள்களைப் பொறுமையாக அடுக்கினார். அவர் இறந்தபின் 1879இல் இது வெளிவந்தபோது, துன்பத்தில் அடங்கி நிற்பதற்கு முன்மாதிரி எனப் போற்றப்பட்டது. ஆனால் கூர்ந்து வாசித்தால், தேவ சித்தத்துக்குத் தலைவணங்கும் வரிகளைவிட, ஒவ்வொரு பிள்ளையையும் இன்னொரு பிள்ளையோடு கலந்துவிடாமல் தனித்தனியே காக்கும் அக்கறையே நூலைத் தாங்குகிறது. அந்த அக்கறையும் ஒருவகை ஜெபம்தான்.

அடங்கி நிற்க மறுத்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த நாவலாசிரியர் மார்கரெட் ஆலிஃபன்ட். 1859இல் ரோம் நகரில் கணவரைக் காசநோய்க்குப் பறிகொடுத்து, எழுத்துக் கூலியால் குடும்பத்தைக் காத்துவந்த அவர், 1864இல் அதே நகரில் மகள் மேகியையும் இழந்தபின் எழுதிய பக்கங்களில், பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள், யாருடன் இருக்கிறாள் என்று தேவனிடம் விடாமல் கேட்கிறார். அவை தமக்காக எழுதியவை. பிற்காலத்தில் மகன்கள் படிக்கட்டும் என்று தன் வரலாற்றைத் தொடர்ந்தபோது குரல் இளகுகிறது, பழைய வேடிக்கைகளும் மனிதர்களும் உள்ளே வருகிறார்கள். மூத்தவர் சிரில் 1890இலும் இளையவர் ஃபிரான்சிஸ் 1894இலும் இறந்தனர். படிக்க மகன்கள் இல்லாமல், முகமறியா வாசகர்களுக்கு எழுத வேண்டியிருந்த இறுதிப் பகுதி, இனி எழுத இயலாது என்ற ஒப்புதலுடன் அப்படியே நின்றுபோகிறது. இத்துறையில் இதற்கு இணையான இன்னொரு பிரதியைச் சொல்வது கடினம். 1899இல் பதிப்பித்தவர் துக்கப் பகுதிகளைக் குறைத்து வரிசையையும் மாற்றிவிட்டதால், எலிசபெத் ஜே 1990இல் முழுப் பிரதியை வெளியிடும்வரை இந்த முறிவை யாரும் சரியாகக் காண முடியவில்லை.

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு பெயரையும் இங்கே சேர்க்க வேண்டும். டோனாவூரில் அடைக்கலம் பெற்ற பிள்ளைகள் 'அம்மா' என்றழைத்த ஏமி கார்மைக்கேல், 1931இல் களக்காட்டில் தவறி விழுந்து கால் முறிந்தபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். நோயாளிகளுக்கான ஆறுதல் நூல்கள் நலமாக இருப்பவர்களால் எழுதப்படுகின்றன என்ற குறையால், நோயாளியே நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக 1933இல் ஒரு நூலை வெளியிட்டார். சாட்சி சொல்லல், அதாவது தேவன் செய்த நன்மையைச் சபைமுன் அறிவித்தல், வேரூன்றிய தமிழ்க் கிறிஸ்தவச் சூழலில் இந்நூல் இன்னும் கவனமாக வாசிக்கப்படத் தக்கது. ஏனெனில் குணமடைந்த செய்தி இல்லாமலே எழுதப்பட்ட சாட்சி அது.

அண்மைக்கால அமெரிக்க எழுத்தில் காரா டிப்பெட்ஸ், கேட் போலர் ஆகிய இருவர் முக்கியமானவர்கள். கொலராடோவில் போதகரின் மனைவியாகவும் நான்கு பிள்ளைகளின் தாயாகவும் இருந்து, மார்பகப் புற்றுநோயால் 2015இல் இறந்த டிப்பெட்ஸ், வீட்டின் அன்றாடத்திலேயே அருளைத் தேடியவர். சாகும் நாளைத் தாமே தேர்ந்துகொள்ள முடிவுசெய்திருந்த பிரிட்டனி மேனார்டுக்கு, அம்முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்டு 2014இல் அவர் எழுதிய திறந்த மடல் பெரும் விவாதமானது. ஆனால் அந்த விவாதத்தின் அரவத்தில், அவருடைய நூலில் பிள்ளைகளோடு கழிந்த சாதாரண நாள்கள் பெற்றுள்ள இடம் மறைந்துபோனது வருந்தத்தக்கது.

போலரின் நிலை வேறு. விசுவாசம் உள்ளவருக்குச் செல்வமும் உடல்நலமும் உறுதி என்று கூறும் செழிப்பு உபதேசத்தின் அமெரிக்க வரலாற்றை 2013இல் நூலாக எழுதிய அவருக்கு, 2015இல், 35 வயதில், சிறு வயது மகன் வீட்டிலிருக்க, பெருங்குடல் புற்றுநோய் நான்காம் நிலையில் கண்டறியப்பட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு என்று அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் வாசலில் வந்து சொன்னபோது, அந்தக் காரணத்தைக் கேட்கத் தமக்கும் ஆசைதான் என்று போலரின் கணவர் பதில் சொன்னதை 2018இல் வந்த தம் நூலில் பதிவுசெய்கிறார். பிராட்ஸ்ட்ரீட் பிள்ளைகளிடம் மட்டும் சொன்ன ஐயத்தைப் போலர் சபையாரிடமே சொல்கிறார். துன்பப்படுபவரிடம் சொல்லக்கூடாதவை ஒன்று, சொல்லத் தக்கவை ஒன்று என நூலின் முடிவில் அவர் தரும் இரு பட்டியல்களுள், இரண்டாவதில் இறையியல் விளக்கம் எதுவும் இல்லை. இந்த வாரம் சாப்பாடு கொண்டுவந்து தரட்டுமா என்ற கேள்வி இருக்கிறது.